சிறு நிறுவனத்தின் பூட்டுக்கு யார் காசு?

2022 மார்ச் 1 அன்று டொயோட்டா ஜப்பானிலுள்ள தன் 14 ஆலைகளிலும் உற்பத்தியை நிறுத்தியது. மொத்தம் 28 உற்பத்தி வரிசைகள். ஒரே நாளில் ஏறத்தாழ 13,000 வண்டிகள் தயாராகாமல் போயின. டொயோட்டாவின் கணினிகளில் யாரும் கைவைக்கவில்லை. காரின் உட்பகுதிக்குப் பிளாஸ்டிக் பாகங்கள் செய்து தரும் கோஜிமா என்ற நிறுவனத்தின் சர்வர்களை, பிணைப்பணம் கேட்கும் தீம்பொருளான ரான்சம்வேர் பூட்டிவிட்டது. எந்தப் பாகம், எத்தனை, எப்போது வேண்டும் என்று இரு தரப்பும் பேசிக்கொள்ளும் வழி அடைபட்டது. திருடர்கள் கோஜிமாவின் தலைவாசல் வழியாகவும் வரவில்லை. அதன் துணை நிறுவனம் ஒன்று வெளியாருடன் தொடர்புகொள்ள வைத்திருந்த தொலைவழி இணைப்புக் கருவியில் ஓர் ஓட்டை இருந்தது. அது போதுமானதாக இருந்தது.

கோஜிமாவைச் சிறு நிறுவனம் என்று சொல்ல முடியாது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை செய்யும் இடம் அது. ஆனால் அதே சங்கிலியில் கீழே இறங்க இறங்க ஐம்பது பேர், பத்துப் பேர், கணவனும் மனைவியும் மட்டும் என்று பட்டறைகள் வந்துகொண்டே இருக்கும். அவர்களும் மேலே இருப்பவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புகிறார்கள், அவர்களுடைய கணினிகளுக்குள் நுழையும் கடவுச்சொற்களை வைத்திருக்கிறார்கள். 2013இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளிலிருந்து சுமார் 4 கோடி வங்கி அட்டைகளின் விவரங்கள் போனபோது, திருடர்கள் முதலில் பிடித்தது அந்தக் கடைகளுக்குக் குளிர்சாதன வேலை பார்த்த ஒப்பந்ததாரரின் கடவுச்சொல்லைத்தான்.

சிறு முதலாளி தன் பூட்டுக்கு எவ்வளவு செலவழிப்பது என்று யோசிக்கும்போது தன் கல்லாவிலிருந்து போகக்கூடியதை மட்டும் எண்ணிப் பார்ப்பார். அவர் வழியாக அடுத்தவர் வீட்டில் போகப்போவது அவர் கணக்கில் வராது. அதனால் அவர் போடும் பூட்டு, ஊருக்குத் தேவையான பூட்டைவிட எப்போதும் சிறியதாகவே இருக்கும். அந்த இடைவெளியைப் பொதுப்பணம் நிரப்பட்டும் என்பதுதான் கணினிப் பாதுகாப்புத் துறையில் அரசு மானியத்துக்கான வாதம். வாதத்தில் பிழை இல்லை. சிக்கல் வேறோர் இடத்தில் இருக்கிறது. எந்த மானியமும் ரசீது கேட்கும். சிறு நிறுவனத்தில் உண்மையிலேயே செய்ய வேண்டிய வேலைகளில் பலவற்றுக்கு ரசீதே கிடையாது. விண்டோஸ் அப்டேட்டைத் தள்ளிப்போடாமல் இருப்பது, மின்னஞ்சலுக்குக் கடவுச்சொல்லோடு ஓடிபியும் கேட்கும்படி அமைப்பது, வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றே மூடுவது, டேலி கோப்புகளைத் தனி ஹார்ட் டிஸ்க்கில் நகலெடுத்து அதைக் கணினியிலிருந்து கழற்றி வைப்பது, அந்த நகல் திறக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்ப்பது. ஹார்ட் டிஸ்க்கின் விலையைத் தவிர இதில் எதற்கும் பில் வராது. வேண்டியது நேரமும் விஷயம் தெரிந்த ஓர் ஆளும்தான். கடந்த பத்தாண்டில் பல நாடுகள் கொண்டுவந்த திட்டங்களை, எந்த ரசீதை ஏற்றுக்கொண்டன என்ற ஒரே கேள்வியை வைத்துப் படித்தால் அவற்றின் தலைவிதி பெருமளவு புரிந்துவிடுகிறது.

ஆஸ்திரேலியா ஏற்றது பரிசோதகரின் ரசீதை. 2016இல் வெளியான அதன் சைபர் பாதுகாப்புச் செயல்திட்டம் சிறு நிறுவனங்களுக்கென ஒரு மானியத்தை அறிவித்தது. 19 பேர் அல்லது அதற்கும் குறைவானோர் வேலை செய்யும் நிறுவனம், அங்கீகரிக்கப்பட்ட ஒருவரை அழைத்துத் தன் கணினிகளைச் சோதித்துக்கொண்டால் செலவில் பாதி, அதிகபட்சம் 2,100 ஆஸ்திரேலிய டாலர், அரசிடமிருந்து வரும். சோதனையில் வெளிப்படும் குறைகளைச் சரிசெய்யும் செலவு அதில் அடங்காது. ஒரு பிளம்பரின் நிலையில் நின்று பாருங்கள். தன் பங்காக ஈராயிரம் டாலர் போட்டு அவர் பெறுவது, இன்னும் எதற்கெல்லாம் செலவழிக்க வேண்டும் என்று சொல்லும் ஓர் அறிக்கை. அது அவருக்குப் புரியும் மொழியில் இருக்கும் என்பதற்கும் உத்தரவாதமில்லை.

அந்நாட்டின் பிந்தைய திட்டங்களில் பணம் வேறு பக்கம் திரும்பியது. 2023-24 பட்ஜெட்டில் ‘சைபர் வார்டன்கள்’ என்ற இலவசப் பயிற்சிக்கு மூன்றாண்டுக்கு 2.34 கோடி டாலர் ஒதுக்கப்பட்டது. ஒவ்வொரு சிறு நிறுவனத்திலும் இதைக் கவனிக்க ஒருவர் இருக்கும்படி செய்வது நோக்கம். பணம் போனது சிறு வணிக அமைப்புகளின் கூட்டமைப்புக்கு. அதே ஆண்டு நவம்பரில் வந்த புதிய செயல்திட்டம் இலவசப் பரிசோதனைக்கு 72 லட்சம் டாலரையும், தாக்குதலுக்கு ஆளான சிறு நிறுவனத்துக்கு ஆள்வைத்து உதவும் சேவைக்கு 1.1 கோடி டாலரையும் ஒதுக்கியது. பாதி நீ போடு, பாதி நான் தருகிறேன் என்று தொடங்கிய அரசு, ஏழாண்டு கழித்து நேராக ஆளை அனுப்பும் இடத்துக்கு வந்திருந்தது. இப்படி மாறியதில் எனக்கு ஆச்சரியமில்லை. வருவதற்கு ஏழாண்டு ஆனதுதான் ஆச்சரியம்.

பிரிட்டன் போன பாதையும் ஏறக்குறைய இதுதான், ஆனால் அங்கே கையில் ஒரு பட்டியல் இருந்தது. 2014 ஜூனில் அறிமுகமான ‘சைபர் எசென்ஷியல்ஸ்’ சான்றிதழ் ஐந்தே விஷயங்களைக் கேட்கிறது: ஃபயர்வால், கருவிகளைப் பாதுகாப்பாக அமைத்தல், யாருக்கு எவ்வளவு அனுமதி என்ற கட்டுப்பாடு, வைரஸ் தடுப்பு, அப்டேட். அவ்வளவுதான். அரசு ஒப்பந்தங்கள் சிலவற்றுக்கு அந்த ஆண்டே இது கட்டாயமானது. அடுத்த ஆண்டு, சிறு நிறுவனங்கள் நிபுணரின் ஆலோசனை பெற 5,000 பவுண்ட் வரையிலான வவுச்சர்கள் வந்தன. மொத்த நிதி 10 லட்சம் பவுண்ட். ஒவ்வொருவரும் முழுத்தொகையை வாங்கினால் இருநூறு பேருக்குத் தீர்ந்துவிடும். ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்ட தொழில் நிறுவனங்கள் உள்ள நாட்டில் இதைக் கொள்கை என்பதைவிட அறிவிப்பு என்பதே பொருத்தம்.

2023 ஜனவரியில் பிரிட்டனின் தேசிய சைபர் பாதுகாப்பு மையம் செய்ததுதான் இந்தத் துறையில் நான் பார்த்தவற்றில் புத்திசாலித்தனமானது. ஏழைகளுக்குச் சட்ட உதவி வழங்கும் சிறு வழக்கறிஞர் அலுவலகங்களையும், மக்களின் சொந்த விவரங்களைக் கையாளும் சிறு அறக்கட்டளைகளையும் தேர்ந்தெடுத்தது. இவர்களிடம் பணம் குறைவு, வெளியே கசிந்தால் ஓர் உயிருக்கே ஆபத்தாகக்கூடிய தகவல்கள் அதிகம். இவர்களுக்குக் காசோலை தரவில்லை. சான்றிதழ் மதிப்பீட்டாளர் ஒருவரின் சுமார் இருபது மணி நேரத்தைத் தந்தது. அவர் தொலைவிலிருந்தபடியே கூட இருந்து ஐந்து விஷயங்களையும் அமைத்துக்கொடுத்துச் சான்றிதழ் வரை கொண்டுபோய்ச் சேர்ப்பார். நேரத்துக்கே ரசீது போட்ட திட்டம் இது.

ஜப்பானின் வழி வேறு. சிறு நிறுவனங்கள் மென்பொருள் வாங்க அங்கே ஏற்கெனவே ஒரு மானியம் இருந்தது. 2022இல், கோஜிமா சம்பவம் நடந்த அதே ஆண்டு, அதற்குள் பாதுகாப்புக்கென ஒரு தனிப்பிரிவு திறக்கப்பட்டது. அப்போது அது தந்தது இரண்டு ஆண்டு வரையிலான சேவைக் கட்டணத்தில் பாதி, 50,000 யென்னிலிருந்து 10 லட்சம் யென் வரை. எந்தச் சேவைக்கு வேண்டுமானாலும் அல்ல. தகவல் தொழில்நுட்ப ஊக்குவிப்பு முகமை தயாரித்த பட்டியலில் இருப்பவற்றுக்கு மட்டும். பட்டியலில் இடம்பெற, சேவை நிறுவனம் மூன்று வேலைகளைச் சேர்த்தே தர வேண்டும்: தொடர்ந்து கண்காணிப்பது, பிரச்சினை வந்தால் ஓடிவருவது, எளிய காப்பீடு. விலைக்கும் வரம்பு உண்டு. வலையமைப்பை மொத்தமாகக் கண்காணிக்க மாதம் 10,000 யென்னுக்குள், கணினி ஒன்றுக்கு என்றால் மாதம் 2,000 யென்னுக்குள்.

விலை வரம்பு என்ற இந்தச் சிறு விதி முக்கியமானது. மானியம் வரும் என்று தெரிந்தால் விற்பவர் விலையை ஏற்றுவார். பாதியை அரசு தந்தாலும் வாங்குபவர் பழைய தொகையையே கட்டிக்கொண்டிருப்பார். மானியத்தின் சுவையை முதலில் அறிபவர் விற்பனையாளர் என்பது விவசாயக் கருவிகளிலிருந்து சூரிய மின்தகடு வரை நாம் பார்த்ததுதானே.

அதே ஜப்பானில் இன்னொரு பாடமும் உண்டு. மென்பொருள் மானியத்துக்கு விண்ணப்பிக்க வேண்டுமானால், அடிப்படைப் பாதுகாப்பைக் கடைப்பிடிப்பேன் என்று நிறுவனமே அறிவித்து ஒரு நட்சத்திரமோ இரண்டு நட்சத்திரமோ பெற்றிருக்க வேண்டும். அறிவித்தால் போதும், யாரும் வந்து பார்ப்பதில்லை. நட்சத்திரம் பெற்ற நிறுவனங்கள் லட்சக்கணக்கில் பெருகின. பெரும்பாலோர் மானிய விண்ணப்பத்துக்காகவே அதைப் பெற்றார்கள் என்பது அங்கே யாருக்கும் ரகசியமல்ல. இதை வெறும் காகிதச் சடங்கு என்று தள்ளிவிடவும் எனக்கு மனமில்லை. விண்ணப்பத்தை நிரப்பும் சாக்கிலாவது அப்டேட், வைரஸ் தடுப்பு, கடவுச்சொல் என்று ஐந்து வரிகளைப் படித்த முதலாளிகள் பல லட்சம் பேர். அந்த ஐந்து வரிகளை அவர்கள் வாசலுக்குக் கொண்டுபோக வேறு எந்தப் பிரச்சாரத்தாலும் முடிந்திருக்காது.

ஸ்பெயின் ஐரோப்பிய ஒன்றியத்தின் கொரோனா மீட்பு நிதியைக் கொண்டு ‘கிட் டிஜிட்டல்’ என்ற மிகப்பெரிய திட்டத்தை நடத்தியது. 10 முதல் 49 பேர் வரை உள்ள நிறுவனத்துக்கு 12,000 யூரோ வரை. இணையதளம், கணக்கு மென்பொருள் என்ற வரிசையில் பாதுகாப்பும் ஓர் இனம், கருவி ஒன்றுக்கு 125 யூரோ. இதன் சிறப்பு, நிறுவனம் முன்பணம் போட வேண்டியிருக்கவில்லை என்பது. வரியை மட்டும் கட்டினால் போதும், மீதியை அரசிடமிருந்து சேவை முகவரே பெற்றுக்கொண்டார். சிறியவர்களில் சிறியவர்களையும் எட்ட முடிந்ததற்கு இதுவே காரணம். முகவர்கள் வாசல் வாசலாக ஏறி இறங்கியதும், தேவை என்ன என்று கேட்காமல் பொதியைத் தலையில் கட்டியதும் இதே காரணத்தால்தான்.

முன்பணம் என்பது சின்ன விஷயம்போலத் தோன்றும். முதலில் கட்டு, ரசீதைக் கொடு, சரிபார்த்துப் பிறகு தருகிறோம் என்பதுதான் உலகெங்கும் மானியங்களின் வழக்கம். பணம் மூன்று மாதம் முடங்குவதைத் தாங்கக்கூடியவர் மட்டும் உள்ளே வருவார். அதாவது உதவி அதிகம் தேவைப்படாதவர். அயர்லாந்து 3,000 யூரோ மதிப்புள்ள பாதுகாப்பு மதிப்பாய்வில் 80 விழுக்காட்டை, 2,400 யூரோ வரை தருகிறது. நிறுவனத்தின் பங்கு 600 யூரோதான் என்பதால் கசப்பு குறைவு. ஆனால் ஆஸ்திரேலியாவைப் போலவே கையில் கிடைப்பது அறிக்கை.

சிங்கப்பூர் கொஞ்சம் தள்ளி யோசித்தது. பெரிய நிறுவனங்களில் தகவல் பாதுகாப்புத் தலைமை அதிகாரி என்று ஒருவர் இருப்பார், பதினைந்து பேர் உள்ள கடையில் யார் இருப்பார்? 2023இல் அந்நாட்டின் சைபர் பாதுகாப்பு முகமை அந்தப் பதவியையே வாடகைக்குக் கிடைக்கச் செய்தது. அங்கீகரிக்கப்பட்ட ஆலோசகர்கள் நிறுவனத்தோடு கூட இருந்து திட்டம் வகுத்து, பிரிட்டனுடைய அதே பெயரில் 2022இல் அங்கே அறிமுகமான ‘சைபர் எசென்ஷியல்ஸ்’ முத்திரை வரை அழைத்துப் போவார்கள். தகுதியுள்ள சிறு நிறுவனங்களுக்குச் செலவில் 70 விழுக்காடு வரை அரசு தரும். இதற்குப் பின்பும் 2024 மார்ச்சில் அதே முகமை வெளியிட்ட நிலை அறிக்கை மகிழ்ச்சியான வாசிப்பு அல்ல. முத்திரை கேட்கும் ஐந்து பிரிவுகளில் மூன்றையாவது முழுமையாக நிறைவேற்றியிருந்தவை மூன்றில் ஒரு பங்கு நிறுவனங்களே. ஏன் செய்யவில்லை என்று கேட்டபோது முன்னணியில் வந்த பதில்கள் இரண்டு: அதற்கான அறிவும் அனுபவமும் இல்லை என்பது ஒன்று, எங்களை யார் தாக்கப்போகிறார்கள் என்பது மற்றொன்று.

அமெரிக்கக் கூட்டாட்சி அரசு, சிறு நிறுவனங்களுக்கு நேராகத் தராமல் மாநிலங்களின் வழியாகத் தந்தது. சிறு வணிக நிர்வாகத் துறை 2022இல் முன்னோடித் திட்டமாக ஆர்கன்சா, மேரிலாந்து, தெற்கு டகோட்டா ஆகிய மூன்றுக்கும் மொத்தம் 30 லட்சம் டாலர் கொடுத்தது. அவை அதைக் கொண்டு பயிற்சியும் ஆலோசனையும் அளிக்க வேண்டும். மேரிலாந்திடம் அதற்கு முன்பே சொந்தமாக ஒரு வழி இருந்தது. 2018 முதல், 50 பேருக்குக் குறைவான நிறுவனம் பாதுகாப்புச் சேவை வாங்கினால் செலவில் பாதி, 50,000 டாலர் வரை, வரியில் கழிந்துவிடும். ஒரு நிபந்தனை, விற்பவர் மேரிலாந்துக்காரராக இருக்க வேண்டும். இது யாருக்கான சலுகை என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. உள்ளூர்ப் பாதுகாப்புத் தொழிலை வளர்ப்பது தவறான நோக்கமல்ல. ஆனால் அந்தப் பணத்தைச் சிறு வணிகர்களின் பாதுகாப்புக் கணக்கில் மட்டும் எழுதுவது சரியாகாது.

இவையெல்லாம் பலன் தந்தனவா? இங்கேதான் தரை வழுக்குகிறது. எத்தனை வவுச்சர், எத்தனை சான்றிதழ், எத்தனை பேருக்குப் பயிற்சி என்று திட்டங்கள் எண்ணிக்கொள்கின்றன. தடுக்கப்பட்ட திருட்டை எப்படி எண்ணுவது? தாக்குதலுக்குள்ளான சிறு நிறுவனங்களில் 60 விழுக்காடு ஆறு மாதத்துக்குள் மூடப்படுகின்றன என்ற எண், விற்பனையாளர்களின் துண்டறிக்கைகளிலும் அரசியல்வாதிகளின் பேச்சுகளிலும் பல்லாண்டாகச் சுற்றுகிறது. அது யாருடைய ஆய்வு என்று சொல்லப்பட்டதோ, அந்த அமெரிக்கத் தேசிய சைபர் பாதுகாப்புக் கூட்டமைப்பே அது எங்களுடையது அல்ல என்று மறுத்த பிறகும் சுற்றுகிறது.

ஓரளவு உறுதியான சான்று வேறொரு துறையிலிருந்து கிடைக்கிறது. மான்செஸ்டரில் 2009-10இல் நெஸ்டா என்ற அமைப்பு, சிறு நிறுவனங்கள் வடிவமைப்பு, இணையதளம் போன்ற படைப்புச் சேவைகளை வாங்க 4,000 பவுண்ட் வவுச்சர் தந்தது. நிறுவனம் 1,000 போட வேண்டும். பெறுவோரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்ததால், கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் நேர்மையாக ஒப்பிட முடிந்தது. ஆறு மாதத்தில் வித்தியாசம் தெரிந்தது. ஓராண்டில் அதைக் காணவில்லை. ஒருமுறை தரும் பணம் ஒருமுறை வேலையை வாங்கும், பழக்கத்தை வாங்காது. இணையதளத்தை ஒருமுறை செய்துவிட்டாலாவது அது நிற்கும். பாதுகாப்பு அப்படியல்ல, சென்ற ஆண்டு அடைத்த ஓட்டைக்குப் பக்கத்தில் இந்த ஆண்டு புதிது திறந்திருக்கும்.

மறுபக்கம், சைபர் எசென்ஷியல்ஸ் சான்றிதழ் பெற்றவர்கள் காப்பீட்டு இழப்பீடு கோருவது 92 விழுக்காடு குறைவு என்று பிரிட்டன் அரசு சொல்கிறது. எண் பெரிது. சான்றிதழ் வாங்க முன்வருபவர் ஏற்கெனவே கவனமானவராக இருக்கக்கூடும் என்பதால் அதை அப்படியே விழுங்க முடியாது. பாதியைத் தள்ளிவிட்டாலும்கூட மிச்சம் கணிசமானது. ஆனால் 2024இல் அரசின் ஆய்வு அந்தச் சான்றிதழைப் பற்றி நிறுவனங்களிடம் கேட்டபோது கேள்விப்பட்டிருந்தவை 12 விழுக்காடு, கடைப்பிடித்தவை 3 விழுக்காடு. பத்தாண்டுக்குப் பிறகு இதுதான் நிலை. பட்டியல் நன்றாக இருந்தும், அதைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போக ஆள் போதவில்லை.

இந்தியாவில் கட்டளைகள் வேகமாக வந்திருக்கின்றன. தாக்குதல் தெரியவந்த ஆறு மணி நேரத்துக்குள் அறிவிக்க வேண்டும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும் என்று கணினி அவசர நடவடிக்கைக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரலில் ஆணையிட்டது. குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்குச் செப்டம்பர் 25 வரை அவகாசம் தந்தது. 2023இன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், பாதுகாப்பில் கோட்டைவிட்டால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமளிக்கிறது. 2025 செப்டம்பரில் இந்நிறுவனங்களுக்கென்றே 15 அடிப்படைக் கட்டுப்பாடுகளைச் செர்ட்-இன் வெளியிட்டது. ஆக, பிரிட்டனிடம் இருந்ததுபோல ஒரு பட்டியல் நம்மிடமும் வந்துவிட்டது. தரத்துக்கு மானியம் தரும் ஏணியும் ஏற்கெனவே இருக்கிறது. உற்பத்தித் தரத்துக்கு மத்திய அரசு வழங்கும் இசட்இடி சான்றிதழுக்குக் குறு நிறுவனத்துக்குக் கட்டணத்தில் 80, சிறு நிறுவனத்துக்கு 60, நடுத்தர நிறுவனத்துக்கு 50 விழுக்காடு தள்ளுபடி. பட்டியலை ஏணியில் கட்டுவது கடினமல்ல. ஆனால் அப்படிக் கட்டினால் மறுபடியும் சான்றிதழ் ரசீதுக்குத்தான் பணம் போகும்.

திருப்பூரில் பத்துப் பவர் டேபிள் (தையல் இயந்திரம்) போட்டு ஜாப் ஒர்க் செய்பவரையோ, நாற்பது பேரை வைத்து நேரடியாக ஏற்றுமதி செய்பவரையோ நினைத்துப் பாருங்கள். ஏற்றுமதியாளரைத் தாக்கும் திருட்டு பெரும்பாலும் வைரஸ்கூட அல்ல. மின்னஞ்சலுக்குள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பவன், சரக்கு போன பிறகு பையருக்கு ஒரு கடிதம் அனுப்புவான்: எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, புதிய எண் இது. இன்வாய்ஸ் அதே, கையெழுத்து அதே, கணக்கு எண் மட்டும் வேறு. இதைத் தடுக்கத் தேவைப்படுவது ஓர் ஓடிபியும், கணக்கு மாறினால் போனில் கேட்டுக்கொள்ளும் வழக்கமும். கூடவே, உரிமம் இல்லாத விண்டோஸில் ஓடும் கணினிகள் எத்தனை என்று எந்த மானிய விண்ணப்பமும் கேட்பதில்லை. கேட்டால் விண்ணப்பிக்க ஆளிருக்காது. இதையெல்லாம் மனம்விட்டுச் சொல்ல வேண்டுமானால் அரசு அதிகாரியோ விற்பனைப் பிரதிநிதியோ அல்லாத, வாரம் ஒருமுறை வந்துபோகும் தெரிந்த முகம் ஒன்று வேண்டும்.

இதே ஊர் இதைவிடக் கடினமான ஒரு கணக்கைத் தீர்த்துப் பார்த்திருக்கிறது. சாயப்பட்டறைக் கழிவு நொய்யல் ஆற்றில் கலந்து, கீழே இருந்த விவசாயியின் கிணற்றைக் கெடுத்தது. அங்கும் பட்டறைக்காரரின் கணக்கில் வராத நட்டம்தான். சிறிய பட்டறை தனக்கென ஒரு சுத்திகரிப்பு ஆலை கட்ட முடியாது என்பதால் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. 2011இல் உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூடச் சொன்ன பிறகு, கழிவே வெளியேறாத முறைக்கு மாற மாநில அரசு 200 கோடி ரூபாயை வட்டியில்லாக் கடனாகத் தந்தது. முழு வெற்றி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் பட்டறைக்கு ஒரு மானியம் என்று பிரித்துக் கொடுத்திருந்தால் இந்த அளவுக்குக்கூட வந்திருக்காது. கணினிப் பாதுகாப்பிலும் தனித்தனி நிறுவனத்தை விட்டுவிட்டுத் தொழிற்பேட்டைக்கோ சங்கத்துக்கோ இருவர் மூவர் என்று பொதுவாக ஆள் வைப்பதே பொருத்தம் என்பது என் எண்ணம். சங்கங்கள் இருக்கின்றன, மாவட்டத் தொழில் மையங்கள் இருக்கின்றன, தொழில் திரள்களில் பொது வசதி மையம் அமைக்க மத்திய அரசின் மானியத் திட்டமும் இருக்கிறது. அந்தத் திட்டத்தின் பெரும்பணம் இயந்திரங்களுக்குப் போகும் வகையில் அமைந்திருக்கிறது. அன்றாட நடைமுறைச் செலவை உறுப்பினர்களிடம் கட்டணம் வாங்கி மையமே பார்த்துக்கொள்ள வேண்டும். இயந்திரம் ஏதும் தேவைப்படாத இந்த வேலையில், மொத்தச் செலவும் மாதச் சம்பளம்தான்.